மதுரையில் இருந்துகொண்டு ஸ்கூபா டைவிங் தொழில்: அனுபவம் இல்லாமல் இறங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

அந்தமானுக்கோ புதுச்சேரிக்கோ டூர் போய், ஒரு தடவை காற்றுச் சிலிண்டரோடு தண்ணிக்குள் இறங்கி மீன் பார்த்துவிட்டு, "இதை நம்ம ஊர்ல ஆரம்பிச்சா என்ன?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் இப்போது நிறைய. நான் மதுரையில் இருந்து ஆட்களைச் சேர்த்துக் கடலுக்கு அழைத்துப் போகிற வேலை செய்கிறேன். ஒரே கேள்விகளுக்கு வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பப் பதில் அடிப்பதைவிட எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது. கொஞ்சம் நீளம். தேவையானதை மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் கடலே இல்லையே, இங்கே என்ன டைவிங் தொழில்?

கடல் இல்லை, ஆனால் கடலுக்குப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். ராமேஸ்வரம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர், தூத்துக்குடி அதைவிடக் கிட்டே. இரண்டுக்கும் நடுவில் மன்னார் வளைகுடா. பாண்டியன் காலத்தில் கொற்கையில் எடுத்த முத்து மதுரைக்குத்தான் வந்தது, அந்த உறவு ஒன்றும் புதிதில்லை. இன்றைக்கு விமானம், ரயில், பஸ் எல்லாம் வந்து சேர்கிற இடம் மதுரைதான், கல்லூரிகளும் மருத்துவமனைகளும் கம்பெனிகளும் இங்கேதான் இருக்கின்றன, வார இறுதியில் ஐயாயிரம் பத்தாயிரம் செலவு செய்யத் தயாராக இருக்கிற இளவட்டங்களும் இங்கேதான். கடற்கரையில் கடை போட்டுவிட்டு ஆளுக்குக் காத்திருப்பதைவிட, ஆள் இருக்கிற இடத்தில் உட்கார்ந்து கடலை ஏற்பாடு செய்வது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிகிறது.

எனக்கு டைவிங்கில் துளிகூட அனுபவம் இல்லை. ஆரம்பிக்கலாமா?

கடையை ஆரம்பிக்கலாம், டைவை நடத்த முடியாது. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகிக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

ஆள் சேர்ப்பது, தேதி போடுவது, வண்டி, சாப்பாடு, ரூம், கணக்கு, இன்ஸ்டாகிராம், போனில் பதில் சொல்வது, பெற்றோருக்கு நம்பிக்கை கொடுப்பது, இதெல்லாம் தரையில் நடக்கிற வேலை. டூர் நடத்தினவர், டிராவல்ஸ் வைத்திருந்தவர், ஜிம் வைத்திருந்தவர் யாரும் செய்யலாம். தண்ணிக்குள் நடப்பது மொத்தமும் இன்ஸ்ட்ரக்டர் கையில். யாரை இறக்கலாம், எவ்வளவு ஆழம், யாரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதில் முதலாளிக்குக் குரலே கிடையாது என்று முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள்.

குறிப்பாக ஒன்று. "இன்றைக்குப் படகு போகுமா, போகாதா" என்பதை, காசு வாங்கினவர் முடிவு செய்யக் கூடாது. பன்னிரண்டு பேரிடம் அட்வான்ஸ் வாங்கி, வேன் வாடகை கொடுத்து, விடியற்காலையில் கரையில் வந்து நிற்கிறீர்கள். காற்று தூக்குகிறது. அப்போது உங்கள் மனசு "லேசாத்தானே அடிக்குது" என்றுதான் சொல்லும். அது உங்கள் மனசு இல்லை, அட்வான்ஸ் பேசுகிறது. கேன்சல் செய்யும் அதிகாரத்தை இன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுத்துவிடுங்கள், கேன்சல் ஆனாலும் அன்றைய சம்பளம் அவருக்கு உண்டு என்றும் சொல்லிவிடுங்கள். இரண்டாவது பகுதியைச் சொல்லாவிட்டால் முதல் பகுதிக்கு அர்த்தமே இல்லை.

அப்படியென்றால் நான் டைவிங் கற்க வேண்டியதே இல்லையா?

கற்றே ஆக வேண்டும், ஆனால் இன்ஸ்ட்ரக்டர் ஆகும் அளவுக்கு உடனே தேவையில்லை. வரிசை இப்படிப் போகும். முதலில் ஓப்பன் வாட்டர் கோர்ஸ். மூன்று நான்கு நாளில் முடியும், 18 மீட்டர் வரை போகலாம். அடுத்தது அட்வான்ஸ்டு, 30 மீட்டர். அப்புறம் ரெஸ்க்யூ, அதற்கு மேல் டைவ்மாஸ்டர், அதற்கும் மேல் இன்ஸ்ட்ரக்டர். டைவிங் சர்டிபிகேட் தருகிற சர்வதேச நிறுவனமான பி.ஏ.டி.ஐ. முறையில் டைவ்மாஸ்டர் கோர்ஸில் சேர, டைவ் கணக்கு எழுதுகிற லாக்புக்கில் 40 டைவ் வேண்டும், முடிக்க 60. இன்ஸ்ட்ரக்டர் தேர்வுக்கு 100 டைவ் ஆகியிருக்க வேண்டும், முதல் சர்டிபிகேட் வாங்கி ஆறு மாதமாவது போயிருக்க வேண்டும்.

தொழில் தொடங்குகிறவர் ரெஸ்க்யூ வரைக்கும் போய்விடுங்கள் என்பது என் கருத்து. அந்தக் கோர்ஸில்தான் அடுத்தவர் முகத்தைப் பார்த்துப் பயத்தைக் கண்டுபிடிக்கக் கற்றுத் தருகிறார்கள். கண் அகலமாகும், மூச்சுக் குமிழி விடாமல் வரும், கை எதையாவது பிடிக்கத் தேடும். நீங்கள் வேலைக்கு வைத்த ஆள் சரியாகத்தான் வேலை செய்கிறாரா என்று கரையில் நின்று கண்டுபிடிக்கவும் இந்தப் படிப்பு வேண்டும். இல்லையென்றால் அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஒரு ஆறு மாதம் ஏதாவது டைவ் சென்டரில் வேலைக்குச் சேர முடிந்தால் சேருங்கள், சிலிண்டர் தூக்குகிற வேலை என்றாலும் சரி. உப்புத் தண்ணீரில் ஊறின, வாயில் வைத்து மூச்சு இழுக்கிற ரெகுலேட்டரையும் ஜாக்கெட்டையும் தினமும் நல்ல தண்ணீரில் அலசிக் காய வைப்பதில்தான் இந்தத் தொழிலின் பாதி நேரம் போகிறது என்பது அங்கே தெரியும்.

எனக்கு நீச்சலே தெரியாது.

கோர்ஸ் இல்லாமல் சும்மா ஒருமுறை இறங்கிப் பார்க்கிற ட்ரை டைவுக்குக் கஸ்டமராகப் போக நீச்சல் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். இன்ஸ்ட்ரக்டர் பிடித்துக்கொண்டே போவார், 12 மீட்டருக்கு மேல் ஆழம் போகக் கூடாது. ஆனால் ஓப்பன் வாட்டர் கோர்ஸுக்கு 200 மீட்டர் நீந்திக் காட்டி, பத்து நிமிடம் மிதந்தும் காட்ட வேண்டும். நேரக்கணக்கு இல்லை, ஸ்டைலும் கேட்பதில்லை. நிதானமாகக் கற்றுக்கொண்டு வாருங்கள்.

நான் மேலூர்ப் பக்கம், கிணற்றில் குதித்து வளர்ந்த ஆள். நமக்கு இது ஈஸிதானே?

உங்களைத்தான் முதலில் கவனிக்கச் சொல்வேன். கிணற்றில் முங்கு நீச்சல் பழகினவர்களுக்குத் தண்ணீர் பயம் இருக்காது, அது பெரிய பலம். ஆனால் அவர்களுக்கு ஊறிப்போன பழக்கம் மூச்சை அடக்குவது. யார் ரொம்ப நேரம் முங்கி இருப்பது என்று பந்தயம் கட்டி வளர்ந்த உடம்பு அது. ஸ்கூபாவில் செய்யவே கூடாத ஒரே காரியம் அதுதான்.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். போக இடம் இல்லை, நுரையீரல் கிழியும். இதற்கு 10 மீட்டர்கூடத் தேவையில்லை, ஆளுயர நீச்சல் குளத்திலேயே நடக்கக்கூடிய விஷயம். கிணற்றில் நீங்கள் மேலே இழுத்த மூச்சோடு கீழே போய் அதே மூச்சோடு மேலே வருகிறீர்கள், அதனால் அங்கே ஒன்றும் ஆகவில்லை. இங்கே கீழேயே மூச்சு இழுக்கிறோம், வித்தியாசம் அதுதான்.

குளத்தில் முதல் நாள் மாஸ்க்கில் பாதித் தண்ணீர் விடச் சொல்வோம். மூக்கால் ஊதி அதை வெளியே தள்ள வேண்டும். நீச்சலே தெரியாத பெண் ஒருவர் சொன்னதைச் சொன்னபடி நிதானமாக ஊதி முடித்துவிடுவார், பக்கத்தில் நல்ல நீச்சல்காரர் மூக்கில் தண்ணீர் பட்டதும் மூச்சை அடக்கி, வாயில் இருக்கிற ரெகுலேட்டரைத் துப்பிவிட்டுச் சட்டென்று எழுந்து நிற்பார். இதைப் பார்க்காத வாரம் குறைவு.

பி.ஏ.டி.ஐ.யா, எஸ்.எஸ்.ஐ.யா, எது நல்லது?

கஸ்டமருக்கு எதுவும் ஒன்றுதான், இந்த இரண்டு நிறுவனங்களின் சர்டிபிகேட்டும் உலகம் முழுக்கச் செல்லும். தொழில் செய்கிறவருக்குத்தான் வித்தியாசம். எஸ்.எஸ்.ஐ. இன்ஸ்ட்ரக்டர் ஏதாவது ஒரு எஸ்.எஸ்.ஐ. பயிற்சி மையத்தோடு சேர்ந்துதான் சொல்லிக்கொடுக்க முடியும். பி.ஏ.டி.ஐ. இன்ஸ்ட்ரக்டர் தனியாளாகவும் சொல்லிக்கொடுக்கலாம். சொந்தமாக சென்டர் இல்லாத ஆரம்ப காலத்தில் இது முக்கியமாகிவிடும்.

மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் தீவுகளைச் சுற்றி டைவ் சென்டர் போடலாமா? பவளப்பாறை எல்லாம் அங்கேதானே இருக்கு?

எல்லோரும் இந்த இடத்தில்தான் வந்து முட்டிக்கொள்கிறார்கள். ராமேஸ்வரத்தில் இருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டன. பூங்காவின் எல்லை தீவின் மணலோடு முடிவதில்லை. கரைப்பக்கம் மூன்றரை பாகம், ஆழ்கடல் பக்கம் ஐந்து பாகம் ஆழம் வரைக்கும் பூங்காதான். ஐந்து பாகம் என்றால் ஒன்பது மீட்டர் சொச்சம். புதிதாக டைவ் செய்கிறவர்களை எந்த ஆழத்துக்குக் கூட்டிப் போவீர்களோ, பவளம் எந்த ஆழத்தில் இருக்கிறதோ, சரியாக அந்த ஆழம்தான் வனத்துறை கையில் இருக்கிறது.

அனுமதி இல்லாமல் தீவில் கால் வைப்பதும், அந்த எல்லைக்குள் ஆட்களை இறக்குவதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கு. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை, ஆவுளியா என்கிற கடல் பசு எல்லாமே அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. உயிரோ, செத்ததோ, கஸ்டமர் நினைவுக்காக ஒரு துண்டுப் பவளத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாலும் மாட்டுவது நீங்களும்தான். "அங்கே ஒருத்தர் பண்றாரே, அவரை யாரும் கேக்கலையே" என்று சொல்லாதீர்கள். அவர் எதை வைத்துப் பண்ணுகிறார் என்பது உங்களுக்குத் தெரியாது.

போதாக்குறைக்கு அது எல்லைக் கடல். கடற்படை, கடலோரக் காவல்படை, கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீஸ் எல்லோரும் ரோந்து வருகிற இடம். தண்ணிக்குள் ஆட்கள் இறங்கி ஏறுகிற படகைப் பார்த்தால் அவர்கள் கேள்வி கேட்காமல் விட மாட்டார்கள், விடவும் கூடாது.

பூங்காவுக்கு வெளியே சட்டப்படி செய்ய வழி இருக்கிறதா என்றால் இருக்கிறது. ராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு, உங்கள் டைவ் இடத்தின் ஜி.பி.எஸ். புள்ளிகளோடு போய், இது எல்லைக்கு வெளியே என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் மற்றதைப் பாருங்கள். வாய்வழி "பாத்துக்கலாம்" எதற்கும் உதவாது.

இன்னொன்று, இது என் ஆதங்கம். அந்தப் பவளப்பாறைகள் 1998, 2010, 2016 என்று கடல் சூடேறி வெளுத்து அடிபட்டவை. கீழக்கரை, தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியே இரண்டு தீவுகள் தண்ணிக்குள் போயின. மிச்சம் இருப்பதன் மேல் துடுப்புக்காலோடு நின்று செல்ஃபி எடுக்கிற தொழில் வேண்டாம்.

அப்போ முதலில் எங்கேதான் கூட்டிப் போவது?

ஏற்கெனவே முறையாக நடக்கிற இடங்களுக்கு. புதுச்சேரியில் டைவ் சென்டர்கள் இருக்கின்றன, மதுரையில் இருந்து ராத்திரி பஸ்ஸோ ரயிலோ ஏறினால் காலையில் இறங்கலாம். கர்நாடகாவில் முருடேஸ்வர் பக்கம் நேத்ராணித் தீவு. அந்தமான் என்றால் சென்னை வழியாகப் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜய புரம்), அங்கிருந்து கப்பலில் ஹேவ்லாக், இப்போது ஸ்வராஜ் தீவு என்று பெயர். மேலே மிதந்தபடி குழாயில் மூச்சு விட்டுப் பார்க்கிற ஸ்நார்க்கலிங் மட்டும் போதும் என்பவர்களுக்கு ராமநாதபுரம் மாவட்டத்தில் வனத்துறை உள்ளூர் மக்களோடு சேர்ந்து நடத்துகிற காரங்காடு மாதிரி இடங்கள் இருக்கின்றன, பஸ் டிக்கெட் காசில் போய்வரலாம்.

இந்த சென்டர்களோடு ஒப்பந்தம் போட்டு ஆள் அனுப்புவதுதான் கைக்காசு கரையாத ஆரம்பம். ஒப்பந்தம் போடும் முன் நீங்களே பேர் சொல்லாமல் கஸ்டமராகப் போய் ஒரு டைவ் செய்து பாருங்கள். மெடிக்கல் பாரத்தை நிதானமாகப் படிக்கச் சொல்கிறார்களா, "எல்லாத்துக்கும் நோ போடுங்க சார்" என்கிறார்களா? படகில் ஆக்சிஜன் கிட் இருக்கிறதா? எல்லோரும் தண்ணிக்குள் போனபின் படகில் ஒரு ஆளாவது இருக்கிறாரா? இந்த மூன்றையும் பார்த்தாலே போதும், ரேட்டைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

எந்தெந்த மாதம் சீசன்?

மண்டபத்துக்காரர்கள் தென்கடல், வடகடல் என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். தென்கடல் மன்னார் வளைகுடா, வடகடல் பாக் விரிகுடா. கச்சான் காற்று அடிக்கிற மே மாதத்தில் இருந்து செப்டம்பர் வரை தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஐப்பசியில் வாடை திரும்பினால் தலைகீழ். ஆக வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பக்கம் அமைதி என்று கணக்குப் போடத் தோன்றும். போடாதீர்கள். வடகடல் ஆழம் குறைவு, அடியில் சேறும் கடல் புல்லும், அலையே இல்லாத நாளில்கூடத் தண்ணீர் கலங்கித்தான் இருக்கும். தெளிந்த தண்ணீர் தென்கடலில் ஜனவரி கடைசியில் இருந்து ஏப்ரல் வரை கிடைக்கிறது. பள்ளிக்கூடம் லீவு விடுகிற மே மாதம் கச்சான் ஆரம்பித்துவிடும், நம் துரதிர்ஷ்டம்.

மீனவர் படகை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமா?

மீன்பிடிப் படகு மீன்பிடிக்கப் பதிவான படகு, அதில் காசு வாங்கிப் பயணிகளை ஏற்ற முடியாது. பயணிகள் படகுக்குத் தனி உரிமம், அதற்குத் தமிழ்நாடு கடல்சார் வாரியத்தை அணுக வேண்டும். ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது படகின் பதிவுச் சான்றுதான்.

ஆனால் மீனவர்கள் இல்லாமல் இந்தத் தொழில் இல்லை. கீழக்கரை, தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிக்கிறவர்களுக்குக் கடலடி நம் வீட்டுத் தெரு மாதிரித் தெரியும். அவர்களில் இளைஞர்களைப் பிடித்து, செலவு செய்து டைவ்மாஸ்டர் வரை படிக்க வையுங்கள், அதைவிட நல்ல முதலீடு இல்லை. ஒரே எச்சரிக்கை. படகில் கம்ப்ரஸரை ஓடவிட்டு நீளக் குழாயில் மூச்சு இழுத்து வேலை செய்து பழகினவர்கள் சட்டென்று மேலே ஏறிவிடுவார்கள். நம் முறையில் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாமல், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வர வேண்டும். தெரிந்த தொழில்காரருக்கு இந்தப் பொறுமையைப் பழக்குவது, தெரியாதவனுக்கு டைவிங் சொல்லித் தருவதைவிடச் சிரமம்.

மதுரையிலேயே ஏதாவது நடத்த முடியுமா?

நீச்சல் குளப் பயிற்சி நடத்தலாம். ஓப்பன் வாட்டர் கோர்ஸில் பாடமும் குளப் பயிற்சியும் இங்கேயே முடித்துவிட்டு, கடல் டைவ்களை மட்டும் இன்னொரு ஊரில் முடிக்க வழி இருக்கிறது. வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு நாள் லீவு மிச்சம். என் கணக்கில் மதுரைக்கு ஏற்ற தொழில் இதுதான்.

குளம் கிடைப்பதுதான் பாடு. ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியம் குளம் விளையாட்டு ஆணையத்தினுடையது, அங்கே பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், முறையாக எழுதிக் கேட்டுத்தான் நேரம் வாங்க வேண்டும். ஹோட்டல் குளங்கள் அழகாக இருக்கும், ஆழம் இடுப்பளவு. தனியார் பள்ளிக் குளங்கள் பரவாயில்லை, ஞாயிறு காலி. எங்கே போனாலும் மேனேஜர் கேட்கிற கேள்வி ஒன்றுதான், "டைல்ஸ் உடையாதே?" உடையும். தண்ணிக்குள் இறங்க இடுப்பில் கட்டுகிற இரண்டு கிலோ ஈயக்கட்டி கை நழுவி விழுந்தால் டைல் விரிசல் விடும், நிற்க வைத்த சிலிண்டர் சாய்ந்தால் பெயர்ந்தே வரும். ஓரத்திலும் அடியிலும் ரப்பர் பாய் விரித்து, சிலிண்டரை எப்போதும் படுக்க வைத்து, ஈயத்தைத் துணிப் பையில் போட்டுக் கொடுங்கள். அடுத்த வாரமும் குளம் கிடைக்கும்.

தெப்பக்குளம், வைகை அணை, ஊர்க் கிணறு பற்றியும் கேட்கிறார்கள். வேண்டாம்.

கம்ப்ரஸர், சிலிண்டர் எல்லாம் வாங்கிவிடவா?

இப்போது வேண்டாம். நிறையப் பேர் முதல் செலவே இதில்தான் செய்கிறார்கள், கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிற பொருள் என்பதால்.

கணக்கைப் பாருங்கள். 12 லிட்டர் சிலிண்டரை 200 பார் அழுத்தத்துக்கு நிரப்ப 2,400 லிட்டர் காற்று வேண்டும். நிமிடத்துக்கு 100 லிட்டர் தள்ளும் சிறிய கம்ப்ரஸர் ஒரு சிலிண்டருக்கு 24 நிமிடம் எடுக்கும். ஆறு சிலிண்டருக்கு இரண்டரை மணி நேரம், அதுவும் மிஷின் சூடாகாமல், கரண்ட் போகாமல் இருந்தால். உயர் அழுத்தக் காற்றை நிரப்புவதும் சிலிண்டரை இறக்குமதி செய்வதும் 2016ஆம் ஆண்டு எரிவாயு உருளை விதிகளுக்குள் வருகிறது, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் அனுமதி வேண்டும். சிலிண்டரைக் காலாகாலத்தில் தண்ணீர் அழுத்தத்தில் சோதிக்கிற ஹைட்ரோ டெஸ்ட் செய்ய வேண்டும். வெல்டிங் பட்டறையில் நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

காற்றின் சுத்தம் இன்னொரு தலைவலி. ஒரு கடற்கரைக் கொட்டகையில் பார்த்தது இது. கம்ப்ரஸர் புதுசு, பில்டர் புதுசு, எல்லாம் பளபளவென்று இருக்கிறது. காற்று இழுக்கிற குழாயின் வாய்க்குப் பக்கத்திலேயே டீசல் ஜெனரேட்டரின் புகைக்குழாய். காற்று அந்தப் பக்கம் வீசுகிறவரை ஒன்றும் இல்லை, திரும்பினால் புகை நேராகச் சிலிண்டருக்குள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அதற்கென்று மீட்டர் இருக்கிறது. ஆழத்தில் அழுத்தம் கூடும்போது அதன் விஷமும் கூடும். உங்கள் கஸ்டமர் 12 மீட்டரில் தலைவலி என்று சைகை காட்டத் தெரியாமல் மயங்குவார்.

முதல் ஒன்றிரண்டு வருஷம் சென்டர்களிடம் நிரப்பின சிலிண்டரை வாடகைக்கு வாங்குங்கள். சொந்தமாக வாங்குவதாக இருந்தால் மாஸ்க், துடுப்பு, எல்லா சைஸிலும் வெட்சூட், இவற்றில் ஆரம்பியுங்கள்.

மொத்தத்தில் எவ்வளவு பணம் வேண்டும்? லோன் கிடைக்குமா?

ஆள் சேர்த்து அனுப்புவதோடு குளப் பயிற்சியும் என்றால், உங்கள் சொந்தப் படிப்புச் செலவையும் சேர்த்துச் சில லட்சங்களில் ஆரம்பிக்கலாம். கடற்கரையில் படகு, கம்ப்ரஸர், ஊழியர்கள் என்று முழு சென்டர் போட்டால் அதைப்போலப் பல மடங்கு, வருமானம் இல்லாத மாதங்களின் சம்பளத்தையும் அதில் சேர்க்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் திட்ட அறிக்கையில் விட்டுவிடுகிறார்கள். வருஷத்தில் 52 வார இறுதி, அதில் காற்று, புயல் எச்சரிக்கை, பரீட்சை, தீபாவளி பொங்கல் எல்லாம் போகப் பாதி நின்றால் நல்ல வருஷம். அந்தப் பாதியை வைத்து வருமானத்தையும் முழுசை வைத்துச் செலவையும் எழுதிப் பாருங்கள், எது தாங்கும் என்று தெரிந்துவிடும்.

லோனுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். டிகிரி, டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான தமிழ்நாடு அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு. பேங்க் மேனேஜருக்கு டைவிங் என்றால் புரியாது, "சாகசச் சுற்றுலா, பயிற்சி" என்று எழுதினால் பேச்சு நகரும்.

என்னென்ன பதிவு வேண்டும்?

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு, இலவசம். சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. சாகசச் சுற்றுலா நடத்துவோருக்குத் தமிழ்நாடு சுற்றுலாத் துறையில் பதிவு உண்டு, அதை முதலில் முடியுங்கள். ஆட்களை ஏற்றுகிற வேன் டி போர்டாக இருக்க வேண்டும், மச்சான் வண்டி ஓன் போர்டு என்பதற்காக அதில் ஏற்றாதீர்கள். கடற்கரையில் கொட்டகை போட்டால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வரும். படகில் நிற்கப் போகிற உங்கள் ஆட்களுக்கு உயிர்காப்பு, விசைப்படகுப் பயிற்சி வேண்டுமென்றால் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் கோவாவில் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் இருக்கிறது.

கஸ்டமரிடம் "எது நடந்தாலும் நானே பொறுப்பு" என்று கையெழுத்து வாங்கிவிட்டால் போதும்தானே?

போதாது. உங்கள் அலட்சியத்தால் ஒன்று நடந்தால் அந்தக் காகிதம் காப்பாற்றாது, நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறது, போலீஸ் வழக்கும் இருக்கிறது. கையெழுத்து வாங்குங்கள், அதோடு இன்சூரன்ஸும் எடுங்கள். சாதாரண மெடிக்கல் பாலிசிகளில் சாகச விளையாட்டு விலக்கப்பட்டிருக்கும், அதனால் டைவிங்குக்கென்றே உள்ள பாலிசி வேண்டும். டான் என்று சுருக்கமாகச் சொல்கிற டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் பாலிசியைத்தான் இந்தத் துறையில் பெரும்பாலும் சொல்வார்கள். உங்கள் இன்ஸ்ட்ரக்டருக்கும் தொழில்முறைப் பாலிசி இருக்கிறதா என்று நகல் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

நீங்கள் போகிற கடலில் இருந்து, பெண்ட்ஸ் (வேகமாக மேலே ஏறுவதால் உடம்புக்குள் நைட்ரஜன் குமிழி கிளம்புகிற நோய்) வந்தவரை வைத்துச் சிகிச்சை தரும் அழுத்த அறை எங்கே, அங்கே போக எத்தனை மணி நேரம், ராத்திரி யாருக்குப் போன் செய்வது என்று முன்கூட்டியே பேசி எழுதி வையுங்கள். மருத்துவமனையில் அழுத்த அறைச் சிகிச்சையைக் குறிக்கிற ஹைப்பர்பாரிக் என்று போர்டு இருந்தாலே போதாது, ஆறாத புண்ணுக்கு மட்டும் வைத்திருப்பவர்கள் டைவரை எடுக்காமல் போகலாம்.

ராமேஸ்வரம் டைவிங், கோடைக்கானல், இரண்டையும் ஒரே பேக்கேஜாகப் போட்டால் நன்றாக விற்குமே?

விற்கும், அதுதான் ஆபத்து. மதுரையில் வண்டி எடுக்கிற வெளியூர்க்காரர்கள் இந்த வரிசையில்தான் சுற்றுகிறார்கள், காலையில் கடல், மறுநாள் விடியலில் மலை. டைவ் செய்த உடம்பில் நைட்ரஜன் கரைந்து கிடக்கும், அது மெதுவாக வெளியேற நேரம் வேண்டும். கோடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உள்ளே குமிழி கிளம்பும். விமானத்துக்குச் சொல்கிற விதிதான் மலைக்கும். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரமாவது, பல டைவ் என்றால் 18 மணி நேரமாவது கீழே இருக்க வேண்டும், நான் ஒரு முழு நாள் என்று வைத்துக்கொள்வேன். மூணாறும் இதே கதைதான். மலையை முன்னால் போட்டுக் கடலைக் கடைசியில் வையுங்கள், கடல் முடிந்த மறுநாள் மீனாட்சியம்மன் கோவில், மஹால் என்று மதுரையிலேயே சுற்றவிட்டு அதற்கடுத்த நாள் பிளைட் ஏற்றுங்கள். ஹோட்டலுக்கும் ஒரு ராத்திரி வியாபாரம்.

மெடிக்கல் பாரத்தில் கஸ்டமர் பொய் சொன்னால்?

சொல்வார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இருதயம், காது ஆபரேஷன், கர்ப்பம் என்று கேள்விகள் வரும். கரையில் வைத்துக் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் போடுவார்கள், காசு கட்டியாயிற்று, நண்பர்கள் போகிறார்கள். அதனால் பாரத்தை முன்பதிவு செய்யும்போதே அனுப்பிவிடுங்கள், டாக்டர் சான்று தேவைப்பட்டால் வாங்க ஒரு வாரம் இருக்கட்டும், முடியாதென்றால் முழுப் பணமும் திரும்பும் என்று சொல்லுங்கள். அப்போது உண்மை வரும்.

முந்தின ராத்திரி சமாச்சாரமும் உண்டு. பன்னிரண்டு மணிக்குக் கறி தோசையும் புரோட்டா சால்னாவும் வெளுத்துக் கட்டிவிட்டு, தூங்காமல் வேனில் ஆட்டம் போட்டுக்கொண்டு வந்து, காலையில் படகேறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குடித்திருந்தால் இறக்குவதே இல்லை, யார் பிள்ளையாக இருந்தாலும்.

பெண்கள், குடும்பங்கள் வருவார்களா?

"லேடீஸ் டிரெய்னர் இருக்காங்களா, டிரஸ் மாத்த இடம் இருக்கா?" என்ற இரண்டுக்கும் ஆமாம் சொல்ல முடிந்தால் வருவார்கள். அம்மாவுக்குத் திருப்தி ஆனால் குடும்பமே வரும்.

சின்னச் சின்ன விஷயம் ஏதாவது?

மீசை. நம் ஊரில் இது சின்ன விஷயம் இல்லைதான். தடித்த மீசை இருந்தால் மாஸ்க் மேல் உதட்டில் ஒட்டாது, தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். எடுக்கச் சொல்ல வேண்டாம், கேட்க மாட்டார்கள். மூக்குக்கு நேர் கீழே ஒரு கோடு மட்டும் ட்ரிம் செய்தால் மாஸ்க்கின் ஓரம் தோலில் உட்காரும், மீசையும் மீசையாக இருக்கும்.

அப்புறம் கட்டை விரல். மீனைப் பார்த்த சந்தோஷத்தில் "சூப்பர்" என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார்கள். தண்ணிக்குள் அதற்கு "மேலே போகணும்" என்று அர்த்தம், இன்ஸ்ட்ரக்டர் உடனே மேலே கொண்டுவந்துவிடுவார். எவ்வளவு சொல்லி அனுப்பினாலும் நடக்கும். வேனிலேயே விளையாட்டாக நாலு முறை பழக்கிவிடுங்கள்.

நல்ல இன்ஸ்ட்ரக்டர் எங்கே கிடைப்பார்?

அந்தமானில் மழைக்காலத்தில் வேலை குறையும், அப்போது ஊர் திரும்புகிற தமிழ் இன்ஸ்ட்ரக்டர்கள் இருக்கிறார்கள். தமிழில் சொல்லித் தருகிறவர் கிடைத்தால் சம்பளத்தில் கஞ்சம் பிடிக்காதீர்கள், பயந்த ஆளுக்குத் தெரியாத மொழியில் சமாதானம் சொல்ல முடியாது. சர்டிபிகேட் நம்பரை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், இந்த வருஷத்துக்குப் புதுப்பித்திருக்கிறாரா என்று தெரியும். அப்புறம் ஒரு நாள் குளத்தில் பயந்த ஆள் ஒருவரை அவரிடம் விட்டுவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். அவசரப்படுத்துகிறவர் வேண்டாம்.

எல்லாம் சரி, இந்த மாதம் நான் என்ன செய்வது?

ஓப்பன் வாட்டர் கோர்ஸுக்குப் பணம் கட்டுங்கள். அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், கடைக்கும் படகுக்கும் மிஷினுக்கும். கோர்ஸ் முடித்துத் திரும்பினபின்னும் இதே ஆசை இருந்தால், குளம் வைத்திருக்கிற பள்ளிகளின் பட்டியலைத் தயார் செய்து ஒவ்வொன்றாக ஏறி இறங்க ஆரம்பியுங்கள்.